தொகையும் விரியும்: வலைப்பக்கத்து மூடுபலகங்களின் வரலாறு

தோற்றுவாய்

வழிநூல்களின் வகைகளைக் கூறப்புகுந்த தொல்காப்பிய மரபியல், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்கினை எடுத்துரைக்கும். விரிந்ததைச் சுருக்குதலும், சுருங்கியதை விரித்தலும், அவ்விரண்டினையும் ஒருங்கே செய்தலும் நூலாக்கத்தின் அடிப்படைத் தொழில்கள் என்பதைத் தமிழிலக்கணத்தார் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வாசிப்போர் நாள்தோறும் எதிர்ப்படும் உறுப்பொன்று இத்தொகைவிரியையே தன் தொழிலாகக் கொண்டுள்ளது. முதலில் தலைப்பு மட்டும் கண்ணிற்படும். அதனைத் தொட்டால் அதன்கீழ் மறைந்திருந்த பகுதி விரியும். மீண்டும் தொட்டால் மடங்கும். வங்கிகளின் வினாவிடைப் பக்கங்களிலும், பல்கலைக்கழக அனுமதி விளக்கங்களிலும், அரச திணைக்களங்களின் அறிவித்தல்களிலும் இதனைக் காணலாம். இவ்வுறுப்பினை மூடுபலகம் என்னும் பெயரால் இக்கட்டுரை குறிக்கின்றது.

உறுப்புச் சிறிதாயினும் அதன் வரலாறு பெரிது. வாசிப்பவர் யார், அவர் எப்புலனால் வாசிக்கின்றார், எக்கருவியால் பக்கத்தை இயக்குகின்றார் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றினூடே மீண்டும் மீண்டும் எழுகின்றன. மூடுபலகத்தினுள் ஒன்றை மறைத்து வைத்தல் தன்னளவிற் குற்றமாகாது. மறைந்திருக்கின்றது என்பதனையும் திறக்கும் வழியினையும் எல்லா வாசகர்க்கும் ஒப்ப அறிவியாது விடுதலே குற்றமாகும். இக்கருத்து எவ்வாறு படிப்படியாக நெறியாகவும் சட்டமாகவும் உருப்பெற்றது என்பதையும், கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையிலான கீழ்க்கரைத் தமிழ் பேசும் மக்களுக்கு அதனால் விளையும் பயன் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரைமரபு தரும் ஒளி

கணினியின் வரலாற்றுக்குட் புகுமுன்னர் நம் உரைமரபினை ஒருகணம் நோக்குதல் பொருத்தமாகும். சூத்திரம் தொகை, உரை அதன் விரி. பாடங்கேட்டலே கல்வியின் முதன்மை வழியாக இருந்த காலத்தில் மாணாக்கர் நூலைக் கண்ணாற் காண்பதற்கு முன்னர் செவியாற் கேட்டனர். எழுத்தின் அளவாலோ அச்சின் தடிப்பாலோ மூலத்தையும் உரையையும் வேறுபடுத்திக் காட்டும் வாய்ப்பு கேட்போர்க்கு இல்லை. ஆகவே எது சூத்திரம், எது உரை, உரை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பவற்றைச் சொல்லாலேயே உணர்த்த வேண்டியிருந்தது.

இளம்பூரணர் முதலிய உரையாசிரியர் கையாளும் ‘என்னுதலிற்றோ எனின்’ என்னும் வாய்பாடு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. இச்சூத்திரம் எதனைப்பற்றியது என்று முதலிலே அறிவித்துவிட்டு அதன்பின்னரே உரையாசிரியர் பொருளுக்குட் புகுகின்றார். பெயரை முற்கூறுதல், பகுதியின் தொடக்கத்தைச் சொல்லுதல், முடிவை ‘என்பது’ முதலிய சொற்களாற் குறித்தல் ஆகிய மூன்றும் கேட்பவரை மனத்திற்கொண்டு எழுந்த மரபுகள் எனக் கொள்ளல் தகும். இதே மூன்று தேவைகளைக் கணினியுலகம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே புதிதாகக் கண்டறிய நேர்ந்தது.

மடிப்பும் சுட்டியும் ஒருமேடையிற் பிறந்தமை

கணினித் திரையில் உரையை மடித்தும் விரித்தும் காட்டும் எண்ணம் வலையினும் மூத்தது. 1965இல் மீயுரை என்னும் கருத்துக்குப் பெயர் சூட்டிய அமெரிக்கரான ரெட் நெல்சன், 1967இல் நீளுரை என்னும் கருத்தினை முன்வைத்தார். வாசகர் விரும்பும் அளவுக்கு ஒரு பகுதி நீண்டும் குறுகியும் அமையும் உரை அது. வேறொரு பக்கத்துக்குத் தாவாது, நின்ற இடத்திலேயே விளக்கம் விரியவேண்டும் என்பதே அவரது கருத்தின் சாரமாகும்.

எண்ணமாக நின்ற இதனைப் பலரறியச் செய்துகாட்டியவர் டக்ளஸ் எங்கெல்பாட் ஆவார். ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அவர், 1968 திசெம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்த்திய செய்முறை விளக்கம் கணினி வரலாற்றிற் பெரும்பெயர் பெற்றது. கடைக்குச் சென்று வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலை அவர் திரையில் எழுதி, அவற்றை வகைகளின்கீழ் அடுக்கி, வகைத்தலைப்புகளை மட்டும் காட்டியும் பின்னர் விரித்தும் விளக்கினார். சுட்டி என்னும் கருவி பொதுமக்கள்முன் முதன்முதலாகத் தோன்றியதும் அதே மேடையிலேதான்.

மடிப்பும் சுட்டியும் இவ்வாறு ஒருமேடையில் அறிமுகமாயினும், எங்கெல்பாட்டின் அமைப்பில் விசைகளுக்கு உரிய இடம் குறையவில்லை. பார்வையின் அளவை விசைக்கட்டளைகளாலேயே மாற்றுவதற்கு அதில் வழியிருந்தது. 1983இல் டேவ் வைனர் வெளியிட்ட திங்ராங் என்னும் குறிப்பொழுங்கு மென்பொருளும் விசைப்பலகையாலேயே இயங்கியது. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினிகளில் 1991இல் வந்த சிறு முக்கோணங்களும், 1995இல் வந்த விண்டோசின் கோப்புப் பட்டியலிற் கூட்டற்குறி, கழித்தற்குறி என்பனவும் மடிப்பின் அடையாளங்களாக உலகெங்கும் பரவின. வலை பெருகத் தொடங்கிய வேளையில் மக்கள் உள்ளத்திற் பதிந்திருந்த பழக்கம் கண்ணாற் குறியைக் காண்பதும் கையாற் சுட்டியை அழுத்துவதுமேயாம். அப்பழக்கத்தினின்றே பின்வந்த இடர்கள் கிளைத்தன.

வலைக்கு வந்த மறைப்பு

ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து அடுத்த ஆண்டிற் செயற்படுத்திய உலகளாவிய வலை, தொடக்கத்தில் எளிய உரைப்பக்கங்களாலேயே ஆனது. தலைப்பு, பந்தி, பட்டியல், இணைப்பு என்னும் அமைப்புகளே அதிற் பெரும்பாலும் இருந்தன. மேலிருந்து கீழாக முறையே வாசிக்கத்தக்க அப்பக்கங்கள் செவியால் வாசிப்போர்க்கும் இடர் தரவில்லை. 1992இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லிங்ஸ் என்னும் எழுத்துருவ உலாவியைப் பார்வையற்றோர் பலர் விரும்பிக் கையாண்டமைக்கும் இதுவே காரணமாகும்.

இந்நிலை இரண்டாண்டுகளுள் மாறியது. 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, ஏற்றப்பட்ட பின்னரும் பக்கத்தை மாற்றும் ஆற்றலைத் தந்தது. 1996 திசெம்பரில் வெளிவந்த வடிவமைப்புத் தாள்களின் முதல் நெறிமுறை, ஓர் உறுப்பினைக் காட்டாது விடுவதற்குரிய கட்டளையைத் தந்தது. 1997இல் இரு பெரும் உலாவிகளின் நான்காம் பதிப்புகள் இவ்விரண்டையும் இணைத்து இயங்குபக்கங்களுக்கு வழிதிறந்தன. அன்று முதல் வலையில் மூடுபலகங்கள் காளான்போற் பெருகின.

அவற்றுட் பல குறையுடையனவாகவே பிறந்தன. தலைப்பாகத் தோன்றும் வெறும் எழுத்துத்தொகுதி ஒன்றன்மீது, சுட்டி அழுத்தப்பட்டால் பலகத்தைத் திறவென்று நிரலாளர் எழுதினர். கண்ணுடையோர்க்கு அது பொத்தானாகவே தோன்றும். உலாவிக்கோ அது பொருளற்ற ஒரு பெட்டி. விசைப்பலகையின் தத்தல் விசையால் உறுப்புக்கு உறுப்பு நகர்வோர் அதன்மீது நிற்கவே இயலாது. கை நடுக்கத்தாற் சுட்டியைப் பிடிக்கமாட்டாதவர்க்கும், பார்வையின்மையாற் சுட்டியின் இடத்தை அறியமாட்டாதவர்க்கும் அப்பலகம் திறவுகோல் இல்லாத அறையாயிற்று. அவ்வறையுள் வைக்கப்பட்டது விளம்பரமாயின் இழப்புச் சிறிது. விண்ணப்பத்தின் இறுதித் திகதியாயின் இழப்புப் பெரிது.

செவியால் வாசித்த அறிஞர்

திரையிலுள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படும். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாச்சர் என்பார் இத்துறையின் முன்னோடிக் கருவியொன்றை ஆக்கினார். விபத்தொன்றிற் பார்வை இழந்த மோட்டார்ச் சைக்கிள் ஓட்டவீரரான ரெட் ஹென்ரரின் நிறுவனம் 1989இல் ஜோஸ் என்னும் வாசிப்பானை வெளியிட்டது. பின்னர் அது உலகிற் பெருவழக்குப் பெற்றது.

இத்துறையில் தமிழர் சிறப்பாக அறியவேண்டிய பெயர் ரி. வி. இராமன் என்பதாகும். 1965இற் பிறந்து, பதினான்காம் வயதிற் கண்ணழுத்த நோயாற் பார்வை இழந்த இவர், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, 1994இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணிதமும் அறிவியலும் நிறைந்த ஆவணங்களைச் செவிக்கேற்றவாறு ஒலிக்கும் முறையே அவரது ஆய்வுப் பொருளாகும். நீண்ட கணிதக் கோவையொன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருசேர ஒலித்தால் கேட்பவர் அதன் அமைப்பை உணரமாட்டார். ஆகவே சிக்கலான உட்கோவைகளுக்கு இடப்பெயர்களைக் கொடுத்து மேலமைப்பினை முதலில் ஒலித்து, கேட்பவர் வேண்டும்போது உட்கோவைகளை விரித்தொலிக்கும் வழியை அவர் வகுத்தார்.

இச்செய்தி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. கண்ணால் வாசிப்பவர் ஒரு பக்கத்தை ஒருநொடியில் மேலோட்டமாக நோக்கி வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்வர். செவியாற் கேட்பவர்க்கோ சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். ஆகையால் தொகைவிரி கண்ணினும் செவிக்கே கூடுதலாக வேண்டப்படுவதாகும். மூடுபலகத்தை ஒழித்து யாவற்றையும் விரித்து வைத்தலே பார்வையற்றோர்க்கு நன்று என்று எண்ணுவோர் உளர். இராமனின் ஆய்வு அவ்வெண்ணத்தின் குறையைப் புலப்படுத்துகின்றது. செவ்வனே செய்த மடிப்பு அவர்க்கு உற்ற துணையாகும். 1995இல் அவர் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக் என்னும் பேசும் கணினிச் சூழலும் திரையின் தோற்றத்தைச் சொல்லாது ஆவணத்தின் பொருளமைப்பையே சொல்லுதல் வேண்டும் என்னும் கொள்கையின்மீது எழுந்ததாகும்.

நெறிமுறைகள் எழுந்தமை

வலையின் நெறிமுறைகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1997இல் அணுகல் முன்னெடுப்பு ஒன்றைத் தொடங்கிற்று. அதன் முதற்பெரும் பயன் 1999 மே 5ஆம் திகதி வெளிவந்த அணுகல் வழிகாட்டியின் முதற் பதிப்பாகும். நிரல்கள் இயங்காதவிடத்தும் பக்கம் பயன்படுதல் வேண்டும் எனவும், ஒரு குறித்த கருவியை மட்டும் சார்ந்து இயங்குதல் ஆகாது எனவும் அது கூறிற்று.

நெறிமுறை ஏட்டளவில் நில்லாது நீதியின்முன்னும் சென்றமைக்கு 2000ஆம் ஆண்டின் அவுஸ்திரேலிய வழக்கு சான்றாகும். சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் வலைத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை எனப் பார்வையற்றவரான புரூஸ் மகுவயர் முறையிட்டார். நிகழ்ச்சி நிரற் பக்கத்தினின்று விளையாட்டுகளின் பட்டியலை அடையமுடியாமை அவர் சுட்டிய குறைகளுள் ஒன்றாகும். அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழு முறையீட்டாளர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு வழங்குமாறும் பின்னர் பணிக்கப்பட்டது. வலைத்தளத்தின் குறைபாடு பாகுபாடு ஆகலாம் என்னும் கருத்து இவ்வழக்கால் உலகெங்கும் பரவிற்று.

2008 திசெம்பர் 11ஆம் திகதி வெளிவந்த இரண்டாம் வழிகாட்டி, வலைப்பக்கம் உணரத்தக்கதாயும் இயக்கத்தக்கதாயும் விளங்கத்தக்கதாயும் எக்கருவிக்கும் இசையும் உறுதியுடையதாயும் இருத்தல் வேண்டும் என நான்கு தத்துவங்களை நிறுவிற்று. மூடுபலகத்துக்கு நேராகப் பொருந்தும் விதிகள் அதில் இரண்டு உள. விசைப்பலகையால் யாவும் இயலவேண்டும் என்பது ஒன்று. ஒவ்வோர் இயங்குறுப்பும் தன் பெயரையும் தன் வகையையும் தன் நிலையையும் மென்பொருள் அறியுமாறு வெளியிடவேண்டும் என்பது மற்றொன்று. எதனைப்பற்றிய பலகம், அது பொத்தானா இணைப்பா, இப்போது விரிந்துளதா மடங்கியுளதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இருத்தல் வேண்டும் என்பதாம். ‘என்னுதலிற்றோ எனின்’ என்று வினாவிப் புகுந்த உரையாசிரியர் மரபோடு இவ்விதி ஒத்தியலுதல் காண்க.

நிலையினை அறிவிக்கும் சொற்களை வகுத்தளித்தது அரியா எனச் சுருக்கப்பெயர் பெற்ற நெறிமுறையாகும். பல்லாண்டு வரைவுநிலையில் இருந்து 2014 மார்ச்சில் நிறைவுபெற்ற இந்நெறிமுறையில், விரிவுநிலையைக் குறிக்கும் ஒரு பண்பு உண்டு. பலகம் திறந்தபோது ‘ஆம்’ எனவும் மூடியபோது ‘அன்று’ எனவும் நிரலாளர் அதனை மாற்றிவைப்பின், திரைவாசிப்பான் தலைப்பினைச் சொல்லி, பொத்தான் என்று கூறி, மடங்கியுள்ளது அல்லது விரிந்துள்ளது என முடிக்கும்.

இதனினும் எளிய வழி வலையின் குறிமொழியிலேயே பின்னர் அமைந்தது. விவரம், சுருக்கம் என்னும் பொருள்படும் டீற்றெயில்ஸ், சமரி ஆகிய இரு குறிகளை இட்டால் உலாவியே மூடுபலகத்தை ஆக்கித்தரும், நிரல் வேண்டியதில்லை. கூகுளின் குரோம் உலாவி 2011இலும், பயர்பொக்ஸ் 2016இலும், மைக்ரோசொப்ற்றின் எட்ஜ் 2020இலும் இதனை ஏற்றன. ஓர் எளிய உறுப்பு எல்லா உலாவிகளிலும் நிலைபெற ஒன்பது ஆண்டுகள் சென்றமையும், அவ்விடைக்காலத்திற் குறைபட்ட மூடுபலகங்கள் எண்ணிறந்தன எழுந்தமையும் கருதற்பாலன.

மறைப்பின் மூன்று வகை

மூடுபலகத்தின் நன்மை தீமைகளை ஆராய்வோர் மறைப்பினை மூவகையாகப் பகுத்துக் காணுதல் நன்று. கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே மறைதல் முதல்வகை. கண்ணுக்கு மறைந்து செவிக்கு வெளிப்படுதல் இரண்டாம் வகை. கண்ணுக்குத் தோன்றிச் செவிக்கு மறைதல் மூன்றாம் வகை. மடங்கிய பலகம் முதல்வகைக்கு உரியது. சிலர் பலகத்தின் உயரத்தைச் சுழியாக்கிக் கண்ணுக்கு மட்டும் மறைத்துவிடுவர். திரைவாசிப்பானோ அதனுள் இருப்பதை ஒலித்துக்கொண்டேயிருக்கும். தத்தல் விசையால் நகர்பவர் கண்ணுக்குப் புலப்படாத இணைப்புகளிடையே திசைகெட்டு அலைவர். மறுதலையாக, திறந்த பின்னரும் செவிக்கு மறைவென்று குறிக்கப்பட்ட பலகம் பார்வையற்றோர்க்கு என்றும் திறவாது.

செவ்வனே செய்த மூடுபலகத்தின் இலக்கணத்தைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். தலைப்பு உண்மைத் தலைப்பாகவும், அதனுள் உண்மைப் பொத்தானாகவும் இருத்தல் வேண்டும். பொத்தானின் பெயர் ‘மேலும்’ என்றாற்போலப் பொதுவாக அமையாது, உள்ளிருப்பதை உணர்த்தவேண்டும். திறந்தாலும் மூடினாலும் பெயர் மாறாது நிற்க, நிலை மட்டுமே மாறவேண்டும். இரண்டும் ஒருங்கே மாறின், ‘மறைக்க, விரிந்துள்ளது’ என்றாற்போலக் கேட்பவர் மயங்குவர். விரியும் பகுதி பொத்தானை அடுத்தே வரவேண்டும். குறி நிறத்தால் மட்டும் வேறுபடாது வடிவாலும் வேறுபடவேண்டும். 2023 ஒக்ரோபரில் வெளிவந்த 2.2ஆம் வழிகாட்டி, தொடுமிடம் 24க்கு 24 புள்ளியளவிலும் சிறிதாகாதிருத்தல் பொதுவிதி என வகுத்தமை சிறிய திரையில் வாசிப்போர்க்கு அரணாகும்.

இவற்றோடு, எதனை மறைக்கலாம் என்பதும் ஆராயத்தக்கது. எல்லார்க்கும் வேண்டிய செய்தியை மூடுபலகத்துள் வைத்தல் ஆகாது. சிலர்க்கு மட்டும் வேண்டிய விரிவையே வைத்தல் தகும். உலாவியின் தேடற்பெட்டியிற் சொல்லொன்றைத் தேடுபவர்க்கு மடங்கிய பகுதியிலுள்ள சொல் நெடுங்காலம் அகப்படாதிருந்தது. 2022இல் குரோம் உலாவி இதற்கொரு தீர்வு தந்தது. பக்கத்தை அச்சிடுவோர்க்கும் இவ்விடரே நேரும். நகரத்துத் தொடர்பாடற் கடையில் அறிவித்தலை அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்பவர் மடங்கிய பலகத்தின் தலைப்பை மட்டுமே கொண்டுசெல்கின்றார்.

நெறிமுறைகள் பெருகியும் நடைமுறை அவற்றுக்கு ஈடாக வளரவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எயிம் அமைப்பு 2019ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களை ஆராய்கின்றது. 2019இல் அவற்றுள் 97.8 வீதமானவற்றிலும், 2024இல் 95.9 வீதமானவற்றிலும் குறைகள் காணப்பட்டன. அரியாக் குறிகள் மிகுந்த பக்கங்களிற் சராசரிக் குறைகளும் மிகுந்திருந்தமை அவ்வாய்வு தரும் வியப்பான செய்தியாகும். மருந்தின் பெயரறிந்து அளவறியாதார் நிலை இதுவெனலாம். குறிமொழியில் இயல்பாக உள்ள உறுப்பு போதுமாயின் அதனையே கொள்க என்பது அந்நெறிமுறையைக் கையாளுதற்குரிய முதல் விதியாக வகுக்கப்பட்டமைக்கும் இதுவே காரணம்.

தமிழெழுத்து செவிக்கு மறைந்திருந்த காலம்

மேற்கூறிய மூன்றாம் வகை மறைப்பினைத் தமிழர் பெருமளவிற் பட்டறிந்தவர் ஆவர். 1990களிலும் அதன் பின்னரும் ஈழத்துத் தமிழ்ப் பக்கங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களால் ஆக்கப்பட்டன. அவற்றிற் கண்ணுக்குத் தோன்றியது தமிழ். கணினியின் உள்ளிருந்ததோ உரோமன் எழுத்துகளின் குறியெண்கள். திரைவாசிப்பான் அப்பக்கத்தை வாசிக்கப் புகின், பொருளற்ற ஆங்கில எழுத்துகளையே ஒலிக்கும். முழுப்பக்கமும் விரிந்து கிடந்தும் செவியால் வாசிப்போர்க்கு அது மூடிய பலகமேயாம்.

ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் திஸ்கி, 1999இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி எழுந்த தாப், தாம் முதலிய குறிமுறைகள் பலவும் அருகருகே வழங்கின. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்ப் பக்கங்கள் தேடவும் ஒலிக்கவும் தக்கனவாயின. அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் ரே என்பாரோடு வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் கட்டணமில்லா வாசிப்பான் இன்று தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கின்றது. அதனோடு இணைந்துவரும் ஈஸ்பீக் குரலும் தமிழை ஒலிக்கும். ஆயினும் பக்கத்தின் மொழி தமிழ் என நிரலாளர் குறியாது விடின், தமிழ் அறிவித்தலை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கும் நிலை இன்றும் நேரலாம். எழுத்தைப் படமாக்கி ஏற்றும் வழக்கமும் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பலகத்தைத் திறந்தபின் உள்ளே படம் மட்டும் கிடப்பின் திறந்தும் பயனில்லை.

கீழ்க்கரையில் இதன் பயன்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனறாகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், பொத்துவிலுக்கு வடக்கே அமைந்தது கோமாரி. அதற்கு வடக்கே திருக்கோவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என முஸ்லிம்களும் தமிழரும் வாழும் ஊர்கள் கடலோரமாகத் தொடர்கின்றன. 2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளானது அம்பாறை மாவட்டமே. கோமாரியும் அப்பேரழிவுக்குத் தப்பவில்லை. இழந்தோரையும் நிவாரணத்தையும் கணக்கிட்டு ஒழுங்குசெய்ய இலங்கை மென்பொருளாளர் தொண்டாக முன்வந்து 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆக்கிய சகனா என்னும் வலைவழி மென்பொருள் பின்னர் பிறநாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. செய்தி சேரவேண்டிய இடத்திற் சேர்தல் உயிர் காக்கும் செயல் என்பதை இக்கரை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இக்கரையில் வாழும் பார்வை குன்றிய முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஓய்வூதியம், முதியோர் கொடுப்பனவு, மருத்துவ நாள் ஆகியவற்றை அறியத் தலைநகர் செல்லுதல் அவர்க்கு எளிதன்று. பொத்துவில் வரை செல்லுதலும் துணையின்றி இயலாது. பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசி தமிழிற் பேசுமாயின், அவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே அறிவித்தலைக் கேட்கலாம். ஆனால் அவ்வறிவித்தல் குறைபட்ட மூடுபலகத்துள் இருந்தால், தலைப்பினை மட்டும் கேட்டு, உள்ளே ஒன்று உண்டென்பதையே அறியாது அவர் வாளாவிருப்பர். அறியாமை அவருடையதன்று, பலகத்தைச் செய்தவருடையது.

சட்டமும் இதற்கு அரணாக உள்ளது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் வழக்கிலுள்ளது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரி 8ஆம் திகதி ஏற்புறுதி செய்தது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, கட்டடங்களோடும் போக்குவரத்தோடும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் இணையத்தையும் அணுகலுக்கு உரியனவாக வெளிப்படக் கூறுகின்றது. அலுவலக வாயிலிற் சாய்தளம் அமைப்பது எத்தகைய கடமையோ, அவ்வலுவலகத்தின் வலைப்பக்கத்துப் பலகம் எல்லார்க்கும் திறக்குமாறு அமைப்பதும் அத்தகைய கடமையேயாம்.

இப்பணியில் தமிழ் பயில்வோர்க்கும் இடமுண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னின்று உழைத்தமை யாவரும் அறிந்ததே. அறிவியலைத் தமிழிற் கற்பதற்குச் சொல் வேண்டும் என்பதே அம்முயற்சிகளின் அடிப்படை. இன்று விரிநிலை, மடங்குநிலை, பொத்தான், தலைப்பு என்பவற்றைச் செவிக்கு இனிதாகவும் ஐயமின்றியும் உணர்த்தும் சொற்கள் வேண்டப்படுகின்றன. கண்ணாற் காண்பவர்க்கு முக்கோணக் குறி போதும். கேட்பவர்க்குச் சொல்லே குறி. நீண்ட சொல்லாயின் ஒவ்வொரு பலகத்திலும் கேட்டுச் சலிப்பர்; இருபொருட் சொல்லாயின் மயங்குவர். சொல்லின் அளவும் தெளிவும் ஒருங்கே நோக்கி ஆக்கும் இத்தொழில் நிரலாளர் தனித்துச் செய்யத்தக்கதன்று. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நம் பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒருங்கமர்ந்து செய்யவேண்டிய தொழில் இது.

முடிவுரை

நெல்சனும் எங்கெல்பாட்டும் வாசகர்க்கு உரிமையளிக்கவே மடிப்பினை எண்ணினர். எவ்வளவு வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் வாசகரே ஆதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. வலையிற் பரவியபோது அவ்வுரிமை கண்ணும் கையும் நன்குடையார்க்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிற்று. 1997 தொடக்கம் எழுந்த நெறிமுறைகளின் வரலாறு, சுருங்கிய அவ்வுரிமையை மீண்டும் விரித்த வரலாறாகும். அவ்விரிவு இன்னும் முற்றுப்பெறவில்லை.

தாம் அன்றாடம் பயன்படுத்தும் பக்கமொன்றை எடுத்து, சுட்டியை ஒருபுறம் வைத்துவிட்டுத் தத்தல் விசையாலும் இடைவெளி விசையாலும் அதன் பலகங்களைத் திறந்து பார்த்தல் மாணவர் எவர்க்கும் இயலும். பின்னர் கண்ணை மூடிக்கொண்டு திரைவாசிப்பானின் குரலால் அதே பக்கத்தைக் கேட்டல் வேண்டும். பலகத்தின் பெயரும் வகையும் நிலையும் செவிக்கு எட்டுகின்றனவா என்று நோக்கி, எட்டாதவிடத்து அதனை ஆக்கியோர்க்கு எழுதி அறிவித்தல் வேண்டும். இச்சோதனைக்குப் பொருளும் வேண்டியதில்லை. பத்து நிமிடத்தின் மேற்பட்ட காலமும் வேண்டியதில்லை.